முண்டு முண்டாய் ஒரு பின்னல்

அறுப்பு தொடங்கின சமயத்தில் என் கால் உடைந்தது. மானாம்பதியில் ஒரு கழனியை முடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது நாய் ஒன்று குறுக்கே ஓடி வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன் நான். ஆண்டில் எந்த நாட்களில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காதோ, அந்த நாட்களில் கட்டிலில் கிடந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான். பனி விலகியதும் மெஷின் சத்தம் கேட்கும். எந்த இடத்தில் திருப்புகிறான், எங்கே சேற்றில் முக்குகிறான் என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். நான் ஓட்டிய மெஷினை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். அதன்பிறகு டிவியைப் போடுவேன், அணைப்பேன். போனை எடுப்பேன், வைப்பேன். ஊன்றுகோலோடு வாசல்வரை போய்த் திரும்புவேன். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்ட பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் ஊன்றுகோல் நுனியால் ஆணியில் தொங்கிய துணிப்பையைத் தட்டி எடுத்தேன். உள்ளே நூல் பின்னும் குரோஷா ஊசியும் பருத்தி நூல்கண்டுகளும். பள்ளிக்கூட நாட்களில் ஹாஸ்டல் சிஸ்டர்களிடம் மனைவி கற்றுக்கொண்ட வேலை அது. தன் தங்கையின் புதுவீட்டுக்குப் பிரிமணை, பிடிதுணி, கால்மிதி எல்லாம் போட்டுத் தருகிறேன் என்று நூல் வாங்கியவள், நேரமில்லாமல் மாட்டி வைத்திருந்தாள்.

அன்று மாலை, நானே போடுகிறேன் என்று சொன்னதும் முதலில் சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினாள். குட்டைக் கண்ணி ஒன்று, நெட்டைக் கண்ணி ஒன்று. அடுத்த வரிசையில் நெட்டையின் தலையில் குட்டை, குட்டையின் தலையில் நெட்டை. அவ்வளவுதான். நெட்டைக் கண்ணி இரண்டு குட்டைகளுக்கு நடுவில் நெருக்குண்டு புடைத்துக்கொள்ளும். துணி முழுக்கப் பாகற்காய்த் தோல் மாதிரி முண்டு முண்டாக வரும். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாலும் சூடு கைக்கு ஏறாது.

நான் போட்ட முதல் பிடிதுணி அட்டை மாதிரி விறைத்து நின்றது.

“இன்னாத்துக்கு இப்டி இயுக்குற? நூலு இன்னா மாடா, அத்துக்கினு ஓட?” என்றாள்.

கையைத் தளர்த்தினால் கண்ணி தொளதொளத்தது. ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் ஒரு கண்ணியை விட்டுவிட்டதில், சதுரமாகத் தொடங்கியது முக்கோணமானது. பிரித்தேன், போட்டேன், பிரித்தேன். யாராவது வந்தால் போர்வைக்கடியில் தள்ளிவிடுவேன். இருந்தாலும் பிரிமணையும் பிடிதுணிகளும் ஒருவழியாக முடிந்து, கால்மிதி முக்கால்வாசி வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் மெஷின் ஓனர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். காலைப் பற்றி விசாரித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். “புதுப் பையன் நல்லா ஓட்றாம்பா. இனிமே அவனே இருக்கட்டும்னு பாக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத.”

சரிண்ணே என்றேன். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் போர்வைக்கடியிலிருந்து கால்மிதியை எடுத்தேன். நூல் முனையைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. கடைசிக் கண்ணிவரை இழுத்தேன்.

மனைவி வந்தபோது கட்டில் முழுக்கச் சுருண்ட நூல். நடந்ததைச் சொன்னேன். பையை வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“அவருக்கு மெஷின் ஓடணும், வேற ஆள வெச்சுக்கினாரு. என் தங்கச்சி கால்மிதி இன்னா பண்ணுச்சு?”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, நூலை அதில் சுற்றி, சிக்கெடுத்து, உருண்டையாக்கினாள். அன்று ராத்திரியே முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

புதுவீட்டு ஜெபத்துக்குக் கால்மிதியோடுதான் போனோம். ஒரு ஓரம் இன்னும் கோணல்தான். தங்கை அதைத் தரையில் போடாமல் நாற்காலியில் விரித்தாள். யார் போட்டது என்று கேட்டவர்களிடம் மனைவி என் பக்கம் கையைக் காட்டினாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கால் கூடிய பிறகு கம்பெனி வேன் ஓட்டப் போனேன். ஆட்களை இறக்கிவிட்டு ஷிப்ட் முடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். எனக்கு அது வராது. வேனைச் சுற்றி நடப்பேன், டயரைத் தட்டிப் பார்ப்பேன், டீக்கடைக்குப் போய்த் திரும்புவேன், பிறகு ஊசியை எடுப்பேன். முன்பு கிண்டல் செய்த டிரைவர் ஒருவர் போன வாரம் வந்து, வீட்டில் பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை கேட்கிறார்கள் என்றார். என்ன கலர் என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். அவர் பேசி முடிக்கும்வரை பொறுக்கவில்லை எனக்கு. கையிலிருந்த பச்சையில் ஆரம்பித்துவிட்டேன்.