டிரிம் சிலிண்டரைக் கழற்றிய நாள்

என் தம்பிக்குக் கோபம் வந்தால் போனுக்குள்ளிருந்தே அடிக்க வருவான். அன்றும் அப்படித்தான். "யக்கா, ஒடனே கெளம்பி வா. அந்த ஆளு லெக்க எங்கியோ இடிச்சித் தொலச்சிட்டாரு. கேட்டா இடிக்கவே இல்லன்னு சாதிக்கிறாரு."

கடலூர் முதுநகரில் நானும் என் வீட்டுக்காரரும் ஹைட்ராலிக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறோம். டிராக்டர், டிப்பர், மண் அள்ளும் வண்டி என்று எது எண்ணெய் ஒழுகினாலும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். தம்பிக்குச் சிதம்பரத்தில் பாத்திரக்கடை. கடையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தானா? பழைய படகு ஒன்றை வாங்கி, வெள்ளாற்று முகத்துவாரத்தில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதில் இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும். காற்றாடி மாட்டிய கால் மட்டும் பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கும். அதைத்தான் லெக் என்பது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிரிம் சிலிண்டர். பட்டனை அழுத்தினால் அவற்றுக்குள் இருக்கும் ராடு, அதாவது எஃகுத் தண்டு, வெளியே நீண்டு லெக்கைத் தூக்கும்; உள்ளே போனால் லெக் இறங்கும். மணல் மேடிட்ட இடத்தில் தூக்காமல் போனால் தரை தட்டிவிடும்.

'அந்த ஆளு' என்று அவன் சொன்னது படகு ஓட்டும் டிரைவர் அண்ணனை. தேவனாம்பட்டினத்துக்காரர், கடலில் மீன் பிடித்தவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபிறகு இனி கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆற்றோரம் ஓடும் இந்தப் படகு ஒன்றுதான் அவருக்குத் தண்ணீரோடு மிச்சமிருந்த உறவு.

நான் போய்ச் சேர்ந்தபோது படகைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். தம்பி எடுத்த எடுப்பிலேயே சொன்னான். "சிலிண்டர் ராடு வளைஞ்சிருந்தா இன்னியோட இவர நிறுத்திடுவேன். வேற ஆளு சொல்லி வெச்சிட்டேன்."

அவரை நேரில் வைத்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடுடா. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன் கிட்ட யாராச்சும் ஹைட்ராலிக் கேட்டாங்களா?" என்றேன்.

டிரைவர் அண்ணன் சிரிக்கவில்லை. "நா இடிக்கல தங்கச்சி. இடிச்சா கைக்குத் தெரியாதா?" என்றார்.

பட்டனை அழுத்தினேன். மோட்டார் உறுமியது, லெக் ஒழுங்காக மேலே வந்தது. கையை எடுத்ததும் மெல்ல மெல்லத் தானாகவே இறங்கியது. ஆக, தூக்குகிற தெம்பு இருக்கிறது, பிடித்து வைக்கத்தான் முடியவில்லை. எண்ணெய் டப்பாவைத் திறந்தேன். எண்ணெய் குறைந்திருந்தது. இருந்த கொஞ்சமும் டீ நிறத்தில் கலங்கியிருந்தது. எண்ணெய் வெளியே போன வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். ஹோஸ்களைத் துடைத்துப் பார்த்தேன், காய்ந்து கிடந்தன. பிறகு இரண்டு சிலிண்டர்களின் வாயிலும் வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டு, லெக்கை இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கினேன். வலது பக்கத் துணி அப்படியே இருந்தது. இடது பக்கத் துணி நனைந்துவிட்டது.

லெக்குக்கு அடியில் கட்டை கொடுத்து, கயிறு போட்டுக் கட்டினேன். கழற்றும்போது விழுந்தால் கை போய்விடும். இடது சிலிண்டரைப் பிரித்து ராடை உருவி எடுத்தேன். டிரைவர் அண்ணன் அதுவரை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. மெக்கானிக் யார் பக்கமும் சாயக்கூடாது. எனக்கோ, சாமி, இது நேராக இருக்கட்டும் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

என் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். அதன்மேல் ராடை வைத்து உருட்டினேன். வளைந்திருந்தால் தத்தித் தத்திப் போகும். இது வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்ற தம்பியின் கையில் விழுந்தது.

"பாத்தியா? நூல் புடிச்ச மாதிரி இருக்குது. அவரு இடிக்கவே இல்ல" என்றேன்.

"அப்ப எப்பிடிக்கா ஒழுவுது?"

ராடை வாங்கி நகத்தால் வருடினேன். உள்பக்கத்துப் பாதி கண்ணாடியாக மின்னியது. வெளிப்பக்கத்துப் பாதி முழுக்கச் சொரசொரப்பு. சின்னச் சின்னச் சிப்பி ஒட்டி, ஒட்டின இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. லெக்கைத் தூக்கினால் இந்தப் பாதிதான் வெளியே வந்து உப்புத்தண்ணீரில் நிற்கும். அங்கே சிப்பி பிடிக்கும். மறுநாள் இறக்கும்போது அந்தச் சிப்பி உள்ளே போய், எண்ணெய் வெளியே வராமல் அடைத்து நிற்கும் ரப்பர் சீலைக் கிழித்துவிடும்.

"படகு நிக்கிறப்ப லெக்க யாரு தூக்கி வெக்கிறது?" என்று கேட்டேன்.

"நாந்தான் தங்கச்சி. டெய்லி சாய்ந்தரம் தூக்கி வெச்சிட்டுதான் வீட்டுக்குப் போறேன். தண்ணி வத்துனா சேத்துல கெடக்கும்ல, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல் என்னை என்னமோ செய்தது. விஷயத்தைச் சொல்லாமல் ராடை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த சீலும் கிழியும். முடிந்தவரை பதமாகச் சொன்னேன். "இனிமே ஆழமான எடத்துல நிறுத்தி எறக்கியே வெச்சிடுங்கண்ணே. எறக்கி வெச்சா ராடு உள்ள போயிடும், சிப்பி புடிக்காது."

அவருக்குப் புரிந்துவிட்டது. ராடை என்னிடமிருந்து வாங்கி, அந்தச் சொரசொரப்பைத் தானும் தடவிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"இடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் தங்கச்சி. நல்லதுன்னு நெனச்சில்ல செஞ்சேன்?"

அவர் சட்டைப்பையிலிருந்து படகுச் சாவியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "நீங்க சொன்னது சரிதான் மொதலாளி. நாந்தான் கெடுத்திருக்கேன். வேற ஆளு வெச்சிக்குங்க."

தம்பி சாவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ண்ணே, தூக்கி வெக்கச் சொன்னதே நாந்தான்" என்றான்.

"நீங்க எப்ப சொன்னீங்க?"

"படகு வாங்குன புதுசுல. ஒங்களுக்குதான் ஞாபகமில்ல."

படகு வாங்கிய புதிதில் எந்தப் பட்டனை அழுத்தினால் லெக் ஏறும் என்பதே என் தம்பிக்குத் தெரியாது. அது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

டிரைவர் அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு நீட்டிய கையை மடக்கிச் சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமா மொதலாளி. நீங்கதான் சொன்னீங்க" என்றார்.