பாராசூட் விழுந்த வலை

ஈரக் கயிறு உள்ளங்கையில் ஏறினால் ஓர் எரிவு எரியும் பாருங்கள்... உப்பும் மணலும் சேர்ந்த எரிவு. குச்சவெளிக் கரையில் கரைவலை இழுத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் நம்புங்கள், அந்தக் கையால் சோறு பிசையவே முடியாது.

நேற்று ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சண்டை விமானம் விழுந்த வீடியோ போட்டிருந்தார்கள். கீழே கமெண்ட் குவிந்து கிடந்தது. சிரிப்புப் பொம்மைகள் வேறு! எனக்கு விசர் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சண்டைக் காலம் அது. பகலில் மட்டும்தான் ஆமிக்காரர் கடலுக்குப் போகப் பாஸ் தருவார்கள். நான் கலியாணம் கட்டாத இளந்தாரி. டவுனில் செய்த பேக்கரி வேலையை விட்டுவிட்டு, இராசம்மா மாமியின் வலைக்குப் போயிருந்தேன். மாமி என்றால் அம்மாவின் தம்பி மனைவி. வலை அவருடையது. மாமா திரியாய்ப் பக்கம் வயலில் நின்றபோது விமானக் குண்டு விழுந்து செத்தவர்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமி வலையைப் பொறுப்பெடுத்தார். பொம்பிளை நடத்தினால் மீன் வராது என்று முணுமுணுத்தவர்கள், பிறகு அவரிடமே பங்குக்கு இழுக்க வந்தார்கள்.

அன்று நல்ல பாரை மீன் கூட்டம். வலையை அரைவட்டமாக விட்டுவிட்டுப் படகு கரைக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம்...

ஜெட் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான். கயிற்றை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்தோம். மாமி மட்டும் கயிற்றை விடவில்லை. குண்டு விழும், இப்போது விழும் என்று காத்துக் கிடக்கிறோம். ஒன்றும் விழவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், ஐயோ, விமானமே விழுகிறது! தூரக் கடலில் தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்பி அடங்கியது.

பிறகுதான் மேலே பாராசூட்டைக் கண்டோம். காற்று அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து எங்கே போட்டது தெரியுமா? நேராக எங்கள் வலைக்குள்.

ஆள் உயிரோடு இருந்தான். ஒரு கை மேலே வருவதும் மறைவதுமாக இருந்தது. பாராசூட் துணி தண்ணீர் குடித்து, வலையோடு சுற்றிக்கொண்டு அவனையும் கீழே இழுத்தது.

"கிடக்கட்டும், விடுங்கோ," என்றார் செல்லையண்ணை. மாமாவோடு சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போனவர். "குண்டு போடேக்க அவங்கள் எங்களைப் பாத்தவங்களோ?"

எல்லோரும் மாமியைப் பார்த்தோம்.

மாமி இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவி என் கையில் வைத்தார்.

"படகைத் தள்ளுங்கோடா! தம்பி, நீ சிங்களம் தெரிஞ்சவன், நீ போ. போய் வலைய வெட்டு."

"மாமி, வலையையோ...?"

"வெட்டு எண்டுறன்! கதைச்சுக்கொண்டு நிக்காத!"

அந்த வலையை விட்டால் அவருக்கு வேறு வருமானம் கிடையாது. இரண்டு பிள்ளைகள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிட்டப் போனதும் கத்தியோடு குதித்தேன். அவன் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! கழுத்தறுக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டான். காலால் உதைக்கிறான். உதைக்க உதைக்க வலை இன்னும் சுற்றுகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாணும் பணிசும் விற்கிற சிங்களம். "பய வெண்ட எப்பா மல்லி!" பயப்படாதே தம்பி என்று திரும்பத் திரும்பக் கத்தினேன். எந்த நேரத்தில் நம்பினானோ தெரியாது, உதைப்பது நின்றது.

பாராசூட் கயிறு எது, வலை எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இரண்டையும் சேர்த்து அறுத்தேன். ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கிழிசல். பாரைகள் என் காலை இடித்துக்கொண்டு அந்த வழியாலேயே போய்விட்டன.

கரையில் கிடத்தியபோது தண்ணீராகக் கக்கினான். மாமி கிட்ட வரவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆமி வாகனம் வந்து அவனை ஏற்றிப் போகும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு, கிழிந்த வலையை மணலில் விரித்து நூல் கோத்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே கோத்தார்.

செல்லையண்ணைக்கு ஆறவில்லை. "உன்ர மனிசனைக் கொன்றவன் இவனாவே இருந்தா, பிள்ளை?"

"இருந்தாலும் இருக்கும். அதுக்கு? என்ர வலையில ஒரு உயிர் போச்செண்டா, நாளைக்கு அதில பிடிக்கிற மீனை நான் ஆருக்கண்ணை குடுக்கிறது? என்ர பிள்ளையளுக்கோ? அந்த நுனியப் பிடியுங்கோ, தைக்கோணும்."

அடுத்த நாள் விமானத்தின் உடைந்த துண்டு தேடுவதற்காக ஆமிக்காரர் கரையை மூடிவிட்டார்கள். மாமி விடவில்லை. தைத்த வலையைச் சுமக்க வைத்துக் காவலரணுக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேலேயே குந்தினார்.

"ஆளை எடுத்துத் தந்தனாங்கள். கரையைத் தாங்கோ எண்டு சொல்லு!"

நான்தான் மொழிபெயர்த்தேன்... கொஞ்சம் சூட்டைக் குறைத்து. பின்னேரமே திறந்தார்கள்.

இப்போது கயிற்றை மெஷின் இழுக்கிறது. யாருக்கும் கை எரிவதில்லை. ஜெட் போனால் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். அதே சத்தத்துக்குத்தான் நாங்கள் பங்கருக்குள் ஓடினோம். நல்லது, ஓடட்டும்.

போன மாதம் நான் மாமி வீட்டில் இருந்தபோது ஒரு ஜெட் போனது. அவருக்கு இப்போது நடக்கவே கஷ்டம். ஆனாலும் கதிரையைப் பிடித்து எழும்பி, வாசலுக்குப் போய், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமி, பயமோ?"

"பயமென்ன பயம். ஆள் ஒழுங்காப் போறானோ எண்டு பாக்கிறன்."

"அப்ப கோவமெல்லாம் போயிட்டுதோ?"

"ஏன் போகோணும்? உன்ர மாமாவை நினைக்காத நாளில்ல. சாகுமட்டும் கோவந்தான்."

சத்தம் முழுக்க அடங்கும்வரை அவர் உள்ளே வரவில்லை. பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறங்கியிருப்பான்," என்றார்.