நொண்டிக் காக்கை

மயிலாப்பூரில் பக்கத்துப் போர்ஷனில் இருந்தவள் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்திருப்பாள். ரங்கூனுக்குப் போன கணவரிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை.

மதிலுக்கு வரும் காக்கைகளை அவளுக்கு ஒவ்வொன்றாக அடையாளம் தெரியும். எல்லாவற்றுக்கும் சோறு வைப்பாள். காலை இழுத்து நடக்கும் ஒன்றை மட்டும் விரட்டுவாள்.

“பாவம், அது என்ன பண்ணித்து?” என்றேன்.

“எங்காத்துக்காரரும் இப்படித்தான் மாமி, காலை இழுத்துண்டு நடப்பார். செத்துப்போனவாதானே காக்காயா வருவா? இது அவரா இருந்துடப்படாது.”

மறுநாள் கிணற்றடியில் என் கையில் ஒரு பிடி சோற்றைத் திணித்தாள். “நீங்க போட்டுடுங்கோ மாமி. பசியோட திரும்பிப் போறது.”

போட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், “சாப்டாரா?” என்று கேட்டாள்.

‘சாப்டார்’ என்று சொல்வதா, ‘சாப்டுத்து’ என்று சொல்வதா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.