நாகபூசணி காத்த புத்தகங்கள்

ஊரைவிட்டுக் கடல்கடந்து வந்து பகேரியாவில் சிஞ்ஞோரா எமிலியானா என்ற வெள்ளைக்கார எஜமானியின் பழைய மாளிகையில் சேர்ந்தபோது, சமையலும் துப்புரவும்தான் வேலை என்று நாகபூசணி நினைத்திருந்தாள். ஆனால் பின்பக்கத்து அறை ஒன்று இருந்தது. சிஞ்ஞோராவின் இறந்துபோன தம்பி வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த புத்தகங்கள் அதில் கிடந்தன. ரசவாதம், கிரக பலன், ஆவிகளோடு பேசும் முறை, எல்லாம் லத்தீனில். சிஞ்ஞோரா அந்த அறைக்குள் கால் வைப்பதேயில்லை. "தூசி மட்டும் தட்டு" என்றாள்.

நாகபூசணி தூசியோடு நிறுத்தவில்லை. இராமபாணப் பூச்சி அரித்த தாள்களை முகச்சவரத் தூரிகையால் மெல்லத் துடைத்தாள். ஈரம் பிடித்தவற்றை நிழலில் விரித்து, இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து உலர்த்தினாள். ஒரு சொல்லும் விளங்காது. சூரியனை விழுங்கும் சிங்கமும் முடிசூடிய பாம்பும் மட்டும் முகம் தெரிந்தவர்களைப் போல ஆகிவிட்டன. அந்தப் பெரிய வீட்டில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

தொண்ணூற்றி நாலில் சிஞ்ஞோரா கண்ணை மூடினாள். வீட்டை விற்க வந்த உறவினர் புத்தகங்களைக் குப்பைக்கு ஒதுக்கினார்கள். தனக்குத் தருவீர்களா என்று நாகபூசணி கேட்டபோது சிரித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்றார்கள். ரயிலில் பை பையாகக் கொண்டுவந்து, நகரத்து அல்பெர்கேரியாவில் வாடகைக்குப் பிடித்த அறைக்குள் அடுக்கினாள்.

அறையைப் பகிர்ந்திருந்த ரதி பாம்புப் படத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"அக்கா, உது பேய்ப் புத்தகமெல்லோ? நான் இதுக்குள்ளை படுக்கமாட்டன்."

"கடுதாசிதானே ரதி. அது என்ன செய்யும்?"

ரதி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். கதையும் அவளோடு போயிற்று. பல்லாரோ சந்தையில் கூடிநின்று கதைக்கிற தமிழ்ப் பெண்கள் நாகபூசணியைக் கண்டதும் வாயை மூடினார்கள். கலியாண வீடுகளுக்கு அழைப்பு நின்றுபோனது. ஆனால் அதே ஆட்கள்தான் ஊரிலிருந்து கொண்டுவந்த மாந்திரீகப் புத்தகங்களை அவளிடம் கொண்டுவந்தார்கள். வீட்டில் வைத்திருக்கவும் பயம், எரிக்கவும் பயம். கடைப்பையில் சுற்றிக் கதவடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பாராமல் இறங்கிவிடுவார்கள். நாகபூசணி அவற்றையும் துடைத்து, கழன்ற தாள்களைத் தைத்து, துணியில் சுற்றி லத்தீன் புத்தகங்களோடு வைத்தாள்.

தொண்ணூற்றி ஆறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாதன் வந்தார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் துப்புரவு வேலை செய்பவர். தயங்காமல் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். ரதி போன பிறகு அந்தக் கதிரையில் இன்னொருவர் இருந்ததில்லை.

"தங்கச்சி, என்ரை பெடியன் வன்னிக்குப் போனவன். உந்தச் சண்டைக்குள்ளை ஒரு தகவலும் இல்லை. உந்தப் புத்தகங்களைப் பாத்து ஒரு சொல் சொல்லுங்கோ. உயிரோடை இருக்கிறானோ?"

இருக்கிறான் என்ற சொல் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் கண்ணைத் துடைப்பார், தேத்தண்ணி குடிப்பார், அடுத்த கிழமையும் வருவார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். தனிமை அன்றோடு தீர்ந்துவிடும்.

"அண்ணை, நான் உதுகளைப் பழுதாகாமல் வைச்சிருக்கிறன். அவ்வளவுதான். பாத்துச் சொல்ல எனக்குத் தெரியாது."

"மற்றாக்களுக்குச் சொல்லுறியளாம்."

"ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கதிரை வெறுமையாக இருந்தது. படிகளில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

அதன்பின் சந்தையில் கண்டால் அவர் மற்றப் பக்கம் போய்விடுவார். கெட்ட செய்தி என்றபடியால் அவள் மறைத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தாராம். பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று நாகபூசணி எத்தனையோ தரம் யோசித்தாள்.

தொண்ணூற்றி எட்டு மாரியில் கூரை ஒழுகத் தொடங்கியது. அறையில் கட்டில் கிடந்த மூலை மட்டுமே நனையாத இடம். புத்தகங்களையெல்லாம் கட்டிலில் அடுக்கிப் பொலித்தீனால் மூடினாள். தனக்குக் கதவோரத்தில் பாயை விரித்துக்கொண்டாள். மழை விடுமட்டும் அப்படித்தான் படுத்தாள்.