வைதேகி கல்யாணத்தில் போட்ட பிரியாணி

தேரடித் தெரு பழைய புத்தகக் கடையில் இன்று ஒரு துரோகத்தைக் கண்டுபிடித்தேன்.

எண்பதுகளில் வாராவாரம் வந்த ஆஸ்பத்திரி மர்மத் தொடர் அது. யாரோ பக்கங்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். அப்போது எனக்கு இருபது வயதிலேயே கண்புரை. ஆபரேஷன் செய்த கண்ணில் கட்டு, இன்னொன்றில் புகைமூட்டம். தோழி நூர்ஜஹான்தான் படித்துக் காட்டினாள்.

கதாநாயகி வைதேகிக்கும் கண் ஆபரேஷன்தான். பார்வை வந்ததும் அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொண்டாள். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த முடிவு இதுதான்.

இன்று கடையில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். டாக்டர்தான் கொலைகாரன். வைதேகி மயக்க ஊசியோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உடனே நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, கல்யாணம்னு புளுகின?"

"உனக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருந்துச்சே. நெஜத்தப் படிச்சிருந்தா ஆபரேஷனே வேணாம்னு ஓடிப் போயிருப்ப."

நான்தான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஐயர் வீட்டு வைதேகி கல்யாணத்தில் பிரியாணியும் தால்சாவும் போட்டதாகப் படித்தாளே! நானும் எச்சில் ஊறக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைக்கும் முன் குரலை இறக்கிச் சொன்னாள்: "அடுத்த வாரம் எனக்குக் கண்ணு ஆபரேஷன். பயம் ஜாஸ்தியா இருக்குடி. அந்தப் புஸ்தகத்த எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டு. கடைசி மட்டும் நான் படிச்ச மாதிரியே படி."

சரி, கல்யாணத்தை நடத்திவைக்கிறேன். ஆனால் செய்த துரோகத்துக்கு இந்த முறை வெறும் சாம்பார் சாதம்தான். என்ன சொல்றீங்க?