இராமலட்சுமியின் ரிதம் பாக்ஸ்

ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறாரா, பார்க்காமல் செய்கிறாரா என்பதை இராமலட்சுமி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றே சொல்லிவிடுவாள். தென்காசி ரத வீதியில் ஒரு மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளியில் அவள் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்துவந்தாள். இருபது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இரைகிற அந்த அறையில் எந்த மூலையில் சத்தம் தடுக்கி நின்றாலும் அவள் காது அங்கே போய்விடும். கண் விசைப்பலகைக்கு இறங்குகிற இடத்தில்தான் கை தடுக்குகிறது என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அவள் கணவர் சிவனணைந்தபெருமாள் பகலில் மின்சாமான் கடையில் வேலை பார்த்தார். மாலையானால் ஆறுமுகநயினாரின் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ். கோயில் கொடை விழா, கல்யாணம், குற்றாலத்தில் சீசன் என்று மாதத்துக்கு ஆறேழு கச்சேரியாவது இருக்கும். ஊரில் எல்லாரும் அவரைப் பெருமாள் என்றுதான் கூப்பிடுவார்கள். நிறையப் பேசுகிற ஆளில்லை. மேடையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் முகமே வேறாக இருக்கும்.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஏறும்போது பாசியில் கால் வழுக்கி, இடது மணிக்கட்டில் விழுந்தார். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகு எழுத, சாப்பிட, பை தூக்க எல்லாம் முடிந்தது. குச்சியைப் பிடித்து இரண்டு பாட்டுக்கு மேல் வாசிக்க முடியவில்லை. மூன்றாவது பாட்டில் குச்சி தானாக நழுவி விழுந்துவிடும்.

குழு திருநெல்வேலியிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பார்த்தது. அவர் மூன்று குழுக்களுக்கு வாசிப்பவர். நல்ல நாள் பார்த்து இவர்களை விட்டுவிட்டு இன்னொரு மேடைக்குப் போய்விடுவார். கடைசியில் ஆறுமுகநயினார் ரிதம் பாக்ஸ் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். தாளத்தை முன்கூட்டியே அதில் போட்டு வைத்தால் அதுவே வாசிக்கும். இதைப் பெருமாளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இராமலட்சுமியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் சோறு பரிமாறும்போது சொன்னாள். பெருமாள் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அத யாரு தட்டுவா?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஆறுமுகநயினாருக்குக் கீபோர்டில் இரண்டு கையும் வேண்டும். கிதார்க்காரரும் அப்படித்தான். பெருமாளுக்கு அந்தப் பெட்டியைத் தொடவே மனம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இராமலட்சுமி சாப்பிட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் தட்டுதேன்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

பெட்டி வருவதற்கு ஒரு வழி இருந்தது. அச்சன்புதூர் அலிமா அவளிடம் தட்டச்சு படித்தவள். அலிமாவின் கணவர் துபாயில் வேலை பார்த்தார். வைகாசியில் விடுப்பில் வரும்போது கொண்டுவருவதாக எழுதியிருந்தார். அங்கே கடையில் இரண்டு வகை இருப்பதாகவும், எது வேண்டும் என்று சொன்னால் போதும் என்றும் எழுதி, இரண்டின் படத்தையும் கத்தரித்து அனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொல்லத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டுமே இருப்பதாகக் கிதார்க்காரர் விசாரித்து வந்து சொன்னார். பங்குனியில் ஒரு சனிக்கிழமை ஆறுமுகநயினாரும் பெருமாளும் இராமலட்சுமியும் செங்கோட்டையில் ரயில் ஏறினார்கள்.

கூடத்துக்காரர் நல்ல மனிதர். மூன்று மணிக்குப் பாடகர்கள் வந்துவிடுவார்கள், அதுவரை வைத்துப் பாருங்கள் என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு இரண்டையும் மேஜையில் எடுத்து வைத்தார்.

முதலில் பெரியதைப் பார்த்தார்கள். சதுரக் கட்டைகளை அழுத்தியதும் வந்த சத்தத்தில் ஆறுமுகநயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய மண்டபத்தில் நல்ல டிரம்மை அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பெருமாள் அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர், மெல்ல வந்து வலது கையால் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். திரும்பத் திரும்ப ஒரே கட்டையை அழுத்தினார். "என் டிரம்மு மாதிரியே இருக்கு அண்ணாச்சி" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிப் பேசி இராமலட்சுமி கேட்டதில்லை.

இன்னொன்று சின்னது. கீழே வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. சத்தம் ஒல்லியாக, தகரத்தில் தட்டியதுபோல் இருந்தது. ஆறுமுகநயினார் அதை ஒரு தடவை கேட்டுவிட்டு, பெரியதின் பெயரைத் தாளில் எழுதத் தொடங்கிவிட்டார்.

இராமலட்சுமி கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பெருமாளை மேஜையில் ஏதாவது ஒரு தாளம் தட்டச் சொன்னாள். அவர் வலது கையாலும் காலாலும் தட்டிக் காட்டினார். அதை அவள் பெரியதில் போடத் தொடங்கினாள். ஒரு சின்னக் கண்ணாடியில் எழுத்துகள் ஓடும். எந்த டிரம் என்று தேட வேண்டும், கட்டம் கட்டமாக நகர வேண்டும், முழுவதும் போட்டுச் சேமித்த பிறகுதான் கேட்க முடியும். ஒரு அடி தப்பினால் திரும்பவும் உள்ளே போக வேண்டும். ஆறுமுகநயினாரின் கைக்கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஆயிற்று. புதுக் கை, பழகினால் சரியாகும் என்று கூடத்துக்காரர் சொன்னார். நியாயம்தான். இன்னொரு தாளத்தைப் போட்டாள். ஆறு நிமிடம்.

சின்னதில் தாளம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும்போதே ஐந்தாவது பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கு எரியும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் அடி விழும். வேண்டாமென்றால் இன்னொரு அழுத்து. அதே தாளத்தைப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பெருமாள் தகிட தகிட என்று மூன்றாக ஓடுகிற நடையைத் தட்டினார். பதினாறு மூன்று மூன்றாகப் பிரியாது என்பதால் அவள் சுற்றைப் பன்னிரண்டாவது பொத்தானோடு முடித்தாள். தாளம் அறுபடாமலே நடை மாறிவிட்டது. அவ்வளவு நேரமும் தன் கண் பொத்தான்களின் மேல் இல்லாமல் பெருமாளின் கையிலேயே இருந்தது என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"சின்னதுதான் வேணும் அண்ணாச்சி."

"கேக்குதவனுக்குச் சத்தம்தானம்மா முக்கியம்? வீட்ல வச்சு நிதானமாப் போட்டுக்கிட்டு வந்துட்டா நேரம் ஒரு பிரச்சனையா?"

"நாம போட்டு வச்ச பாட்டுக்குச் சரி. கொடையில இந்தப் பாட்டு வேணும்னு சீட்டு எழுதிக் குடுப்பாவளே, அதுக்கு? அறிவிப்பாளரு எவ்வளவு நேரம் பேசுவாரு?"

"ஒரு நிமிசம். இழுத்தா ரெண்டு."

"அந்த நேரத்துக்குள்ள நான் போட்டாகணும்."

ஆறுமுகநயினார் தாளில் எழுதிய பெயரை அடிக்கவில்லை. பெருமாள் பெரியதின் கட்டை மேல் வைத்த விரலை எடுக்கவும் இல்லை. ஒன்றும் முடிவாகாமலே திரும்பினார்கள்.

புனலூர் தாண்டியதும் ஆறுமுகநயினார் கண்ணயர்ந்துவிட்டார். ரயில் மலை ஏறத் தொடங்கியபோது பெருமாள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"அதுல சத்தம் நல்லா இருந்துது. நான் மேடையில இல்லன்னாலும் நான் வாசிக்க மாதிரியே இருக்கும்னு நெனச்சேன். அதான்."

அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒக்காந்து தட்டப்போறது நீ. சின்னதையே எழுதிப் போடு."

தான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. குகைக்குள் ரயில் நுழைந்து வெளியே வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி கடைசியில் கம்பளியில் சுற்றிய பெட்டி அலிமா வீட்டிலிருந்து வந்தது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் இராமலட்சுமி அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல் வாரம் பெருமாள் அந்தப் பக்கமே வரவில்லை. அடுத்த வாரம் கதவருகே நின்று, "இது நடக்குது, ஆட மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எதனால் என்று அவள் விடாமல் கேட்டாள். எல்லா அடியும் ஒரே கனமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். எந்த அடியை அழுத்த வேண்டும், எதைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டும் என்று தொடையில் தட்டிக் காட்டினார். அதன் பிறகு இரண்டு பேருமாகவே உட்கார்ந்தார்கள்.

ஆடி முதல் வாரம் குற்றாலத்தில் விடுதிக்காரர்கள் ஒரு கச்சேரி வைத்தார்கள். நாலு மணிக்கே தொடக்கம். தகரக் கொட்டகைக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடும் எண்ணெய் போகாத தலையோடும் கூட்டம் வந்து நின்றது. பெட்டியில் தண்ணீர் தெறிக்காமல் பெருமாள் அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டு வைத்த பாட்டுகள் எல்லாம் தடங்கலில்லாமல் போயின.

ஏழாவது பாட்டு முடிந்ததும் சீட்டு வந்தது. பட்டியலில் இல்லாத பழைய பாட்டு. பாடகி ஞானபாக்கியத்துக்குத் தெரியும் என்பதால் ஆறுமுகநயினார் தலையாட்டிவிட்டார். அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார். ஆறுமுகநயினார் பல்லவியை மெல்ல முனகிக் காட்டினார். இரைச்சலில் பாதிதான் கேட்டது. இராமலட்சுமி நாலு நடையில் போட்டு ஓடவிட்டாள். ஞானபாக்கியம் எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது, பாட்டு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் இழுத்தன. ஞானபாக்கியம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

நிறுத்திவிடலாமா என்று இராமலட்சுமியின் கை போயிற்று. அப்போது அவள் தோளில் பெருமாளின் விரல் விழுந்தது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு மூன்றில் ஓடுவது இப்போது கேட்டது. சுற்றைப் பன்னிரண்டில் முடித்தாள், இரண்டு அடிகளை எடுத்தாள், ஒன்றை முன்னே நகர்த்தினாள். இரண்டாவது சுற்றில் தாளம் பாட்டோடு போய் உட்கார்ந்தது. முன்வரிசையில் ஒருவர் வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக நினைத்துக் கை தட்டினார். பெருமாளின் விரல் பாட்டு முடியும்வரை அவள் தோளில் தட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பெயர் ரிதம் பாக்ஸ் அக்கா என்றாயிற்று. குழுவோடு ஊர் ஊராகப் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் சிலர் பேசினார்கள். புருசனும்தானே கூடப் போகிறார் என்று சிலர் பதில் சொன்னார்கள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெருமாளின் கை முழுதாகச் சரியாகவே இல்லை. மறு வருடம் அவர் வலது கைக்கு ஒரு வெண்கலத் தட்டும் ஒரு டிரம்மும் மட்டும் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சீரான ஓட்டத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். சரணத்துக்குத் திரும்புகிற இடங்களை அவர் வாசிப்பார்.

எண்பத்தெட்டில் வெளியூர்க் குழு ஒன்று அந்தப் பெரிய பெட்டியை வாங்கியது. திருவேங்கடம் பக்கம் ஒரு கொடையில் அவர்கள் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இராமலட்சுமி அலிமாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், கூட்டத்தோடு நின்று கேட்டாள். எல்லாப் பாட்டும் முன்பே போட்டு வைத்தவை. ஒரு பிசிறு இல்லை. அந்த டிரம் சத்தம் கரிசல் வெளியெல்லாம் நிறைந்து வந்தது. கொல்லத்தில் பெருமாள் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தியது ஏன் என்று அவளுக்கு அங்கே நிற்கும்போது நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெருமாள் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நம்மத விட நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"மாத்திக்கிடுவோமா?"

அவள் உள்ளே போனாள். புடவை மாற்றிவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "எனக்கு இது கைக்கு வந்துட்டு. நாளைக்குப் புதுசா ரெண்டு பாட்டு இருக்குன்னு அண்ணாச்சி சொல்லி விட்டிருக்காவ. தட்டிக் காமிங்க."