அடிவேரின் அழிப்புப் பட்டியல்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அவர் ‘அடிவேர்’. கம்ப்யூட்டரில் வேண்டாத மென்பொருளை நீக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குத் தெரியுமோ என்னவோ, அவருக்கு நன்றாகத் தெரியும்.

“நீக்குன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கினா போயிடும்னு நினைக்கிறான் பாருங்க, அவனை என்ன சொல்றது?” என்பார். “அது இலையை மட்டும்தான் பறிக்கும். அடிவேர் உள்ளே ஜம்முன்னு உட்கார்ந்திருக்கும்.”

பகலில் அவர் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் காப்பாளர். காலாவதியான மருந்துகளைத் தேடிப் பிடித்து, அழிப்புப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதி, அழித்ததும் பக்கத்தில் ஒரு டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்தவருக்கு வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்குமா? பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார், பற்பசையைத் திருப்பிப் பார்ப்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு டீயைத் தவிர வேறு எதையும் வாங்கமாட்டார். பதினைந்து வருஷத்தில் ஒருவர்கூட ‘என்னோடது ஒண்ணைக் காணோமே’ என்று வந்து நின்றதில்லை. அந்தப் பெருமையை நினைத்துக்கொண்டே அவர் பல நாள் சவரம் செய்திருக்கிறார்.

இந்த ஞாயிறு அண்ணி வீடு. அண்ணி முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். அளவு குறித்து வைக்கப் பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. அது பிடிக்காமல் போய்ப் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டார். பழசு விடுவதாக இல்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும், ‘எங்களை மறந்துவிட்டீர்களா?’ என்று திரை முழுக்க வந்து நிற்கும்.

“மானம் போகுது தம்பி. துணி கொடுக்க வர்றவங்க முன்னாடியெல்லாம் இது வந்து ஒப்பாரி வைக்குது. எடுத்து விட்டுடுங்க” என்றார் அண்ணி.

அடிவேர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், ஏதோ ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். என்னென்ன அழிக்கிறாரோ அத்தனையையும் எழுதி டிக் அடிப்பது இங்கேயும் உண்டு. நீக்கு பட்டனை அமுக்கியதும் அது கேட்டது: ‘நீங்கள் சேமித்த கோப்புகளை மட்டும் விட்டுவைக்கட்டுமா?’

“பார்த்தீங்களா அண்ணி, எப்படிக் கெஞ்சுதுன்னு! இப்படித்தான் காலைப் பிடிக்கும். மசியக் கூடாது.”

‘வேண்டாம்’ என்று அமுக்கினார். அப்புறம் அந்த மென்பொருளின் பெயரைப் போட்டு மூலைமுடுக்கெல்லாம் தேடினார். அதன் பெயர் ஒட்டியிருந்த கோப்புறை ஒன்றுகூடத் தப்பவில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். அதோடும் மனசு ஆறவில்லை. அழித்ததை யாரும் மீட்க முடியாதபடி காலி இடத்தின் மேல் மூன்று தடவை வெற்று எழுத்துகளை ஓடவிட்டார். அண்ணி கழுத்தில் அளவு நாடாவோடு, டீயை நீட்டியபடி, எந்தப் பதற்றமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம். கிடங்கில் சாப்பிட்டு முடித்துவிட்டு, தன் கைவண்ணத்தை ஒரு தடவை ரசிக்கலாமே என்று அந்தத் தாளைப் பிரித்தார். பதினேழாவது வரியில் கண் நின்றது.

‘அளவுகள் – பள்ளிச் சீருடை – 212 பிள்ளைகள்.’ பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

அட பாவி மனுஷா! எழுதியது அவர் கைதான். எழுதும்போது மூளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய மென்பொருளின் கோப்புறைக்குள்ளேயே அண்ணி அளவுகளை வைத்திருந்திருக்கிறார். பள்ளி திறக்கப் பத்து நாள். பிள்ளைகள் லீவுக்கு எங்கெங்கோ போயிருக்கிறார்கள், திரும்ப அளவெடுக்க வழியே இல்லை. அந்தப் பள்ளியின் சீருடை வேலைக்காக அண்ணி மூன்று வருஷம் நடையாய் நடந்தது அவருக்குத் தெரியும். இது கெட்டால் அண்ணி பேரே கெட்டது. மீட்டுவிடலாம் என்றால், மூன்று தடவை துடைத்த புண்ணியவான் யார்? அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினார்.

அண்ணி துணி வெட்டிக்கொண்டிருந்தார். அடிவேர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணி, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். பிள்ளைங்க அளவு மொத்தத்தையும் அழிச்சிட்டேன். உங்க முகத்தைப் பார்க்கவே கூசுது.”

கத்திரி நின்றது. அண்ணி திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். திரையில் புது மென்பொருள் திறந்திருந்தது. அதில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தோள், இடுப்பு, உயரம் எல்லாம் வரிசையாக இருந்தன.

“இது எப்படி?” என்றார் அடிவேர்.

“அது... எப்படியோ வந்துடுச்சு தம்பி” என்று மழுப்பினார் அண்ணி. “உட்காருங்க, டீ போடறேன்.”

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். மனுஷருக்கு ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாது. “டேய், நீ வர்றேன்னு போன் பண்ணினதுமே உங்க அண்ணி எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்திப் பட்டன் டப்பாவுல போட்டுட்டா. இன்னிக்கு நேத்தா, பதினைஞ்சு வருஷமா இதானே நடக்குது. நம்ம பல் டாக்டர், உன் மச்சான், எல்லாரும் அப்படித்தான்.”

“சும்மா இருங்களேன்!” என்று அண்ணி பல்லைக் கடித்தார். டூ லேட்.

அளவுகள் பிழைத்ததில் அவருக்கு உயிர் வந்தது உண்மை. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்று போனதும் உண்மை. ஒருத்தர்கூட எதையும் இழக்கவில்லை என்ற அந்தப் பதினைந்து வருஷப் பெருமை ஒரு பட்டன் டப்பாவுக்குள் கிடந்தது. அவமானமாக இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவியிடம் நேராகவே கேட்டார். “நீயுமா?”

அவள் எழுந்துபோய் ஊக்கு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே மூன்று பென் டிரைவ்.

“மாசாமாசம் நம்ம கம்ப்யூட்டரைத் துடைக்கிறீங்க. கல்யாண போட்டோ வேற அதுலதான் இருக்கு. நான் என்ன பண்றது?” என்றாள். “சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். எங்க எல்லாருக்கும் நீங்க வேணும்ல.”

அவருக்கு அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவியின் அக்கா மகள்.

“சித்தப்பா, எங்க கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போகவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?”

“வர்றேம்மா” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதையும் சொன்னார்: “ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி, முக்கியமானது எல்லாத்தையும் வேற எதுலயாவது எடுத்து வச்சிடு.”



“எடுத்து வச்சிட்டுத்தான் போன் பண்றேன் சித்தப்பா.”